செட்டிங்ஸ் அண்ணன்

லோயர் கேம்ப்பில் வைஃபை வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் செட்டிங்ஸ் அண்ணன் ஒருநாள் வந்தே தீருவார். கூப்பிட்டால் உடனே வருவார். கூப்பிடாமல் விட்டால், “என்ன, உங்க வீட்ல கொஞ்ச நாளா ஒண்ணுமே ரிப்பேர் ஆகலையா?” என்று சந்தேகத்தோடு வருவார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் டெஸ்டர், கையில் மஞ்சப்பை, பைக்குள் ஒரு லேன் ஒயர், சோதனை பார்க்கப் பழைய டெலிபோன் ஒன்று, அப்புறம் அந்த ஊக்கு. மோடத்தின் முதுகில் இருக்கிற ரீசெட் துளைக்குள் விட்டுக் குத்துவதற்கென்றே வைத்திருக்கும் ஊக்கு. அண்ணியின் தாலிக்கயிற்றில் இருந்து கழற்றியது என்று ஊரில் பேச்சு. அண்ணி மறுத்ததில்லை.

இந்த ரகத்து ஆள் கூடலூரிலும் உண்டு, கம்பத்தில் தெருவுக்குத் தெரு உண்டு, உங்கள் ஊரிலும் கட்டாயம் இருப்பார். என்றாலும் லோயர் கேம்ப் ஆளுக்கு வேலை கூடுதல். ஊர் அமைந்த விதம் அப்படி. தலைக்கு நேர் மேலே மலை. தேக்கடித் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, நாலு பெரிய குழாய்களில் இறக்கி, 1958-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். தண்ணீருக்கு மலையைக் குடைந்தவர்கள் செல்போன் சிக்னலுக்கு அந்த உதவியைச் செய்யவில்லை. நம் பக்கத்து டவர் மலைக்குப் பயந்து ஒதுங்கும் இடங்களில் குமுளிப் பக்கத்து டவர் எட்டிப் பார்க்கும். சொந்த வீட்டில் சொந்தப் பாயில் படுத்திருப்பவருக்குக் ‘கேரளாவுக்கு நல்வரவு’ என்று செய்தி வரும். சில வீடுகளில் திண்ணை தமிழ்நாடு, அடுப்படி கேரளா. வருகிற அழைப்புக்கும் ரோமிங் காசு பிடித்த காலத்தில், அடுப்படியில் போன் அடித்தால் எடுக்காமல் திண்ணைக்கு ஓடிவந்துதான் எடுப்பார்கள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியிருக்கும்.

பிள்ளைகள் துபாய்க்கும் சவுதிக்கும் போய்ப் பணம் அனுப்பி, ஓட்டு வீடெல்லாம் கான்கிரீட் மாடி ஆனபோது இருந்த கொஞ்சநஞ்ச சிக்னலும் போனது. மகன் காசில் கட்டிய வீட்டுக்குள் மகன் குரல் மட்டும் வராது. அதனால்தான் இங்கே இன்டர்நெட் போன் ஒரு சொகுசாக வந்து சேரவில்லை. பால் கார்டு, ரேஷன் கார்டு வரிசையில் வந்து சேர்ந்தது. அதோடு கூடவே அண்ணனும்.

அண்ணனின் தொழில்வரலாறு கம்பத்து பிரவுசிங் சென்டரில் தொடங்குகிறது. இந்தியாவில் இன்டர்நெட் வழியாகப் பேச்சுப் பேசச் சட்டப்படி வழிவிட்டது 2002 ஏப்ரல் 1 அன்று. தேதியைப் பார்த்துவிட்டு அண்ணன் வெகுநாள் அதை நம்பவில்லை. அடுத்த ஆண்டு ஸ்கைப் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நம்பினார். மரத்தடுப்புக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியம்மாக்களை வரிசையாக உட்காரவைத்து, “மைக்கைக் கடிக்காதீங்க மதினி, பைய பேசுங்க” என்று பழக்கிவிட்டவர் அவர்தான். “ஸ்கைப்பை இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டாந்ததே நான்தான்” என்பார். ஸ்கைப் கம்பெனிக்கு இந்தச் சேதி போய்ச் சேராமலே, 2025 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. அன்றைக்கு அண்ணன் மஞ்சப்பையை எடுக்கவில்லை. டீக்கடையில் கேட்டவர்களிடம், “தெரிஞ்ச இடத்துல ஒரு துக்கம்” என்று மட்டும் சொன்னார்.

இடையில் அவருக்கு ஒரு பொற்காலமும் வாய்த்தது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் அடுத்த மாதமே ஜியோவும் வைஃபை காலிங் வசதியைத் திறந்தன. வீட்டில் டவர் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. வைஃபை இருந்தால் அதே சிம், அதே நம்பரில் சாதாரணமாகப் பேசலாம். தனி ஆப் வேண்டாம். ஆனால் போனுக்குள் அந்தப் பட்டன் அணைந்து கிடக்கும். யாராவது தட்டிவிட வேண்டும். அண்ணன் வீடு வீடாகப் போய்த் தட்டிவிட்டார். மலை நிழலில் கிடந்த வீடுகளெல்லாம் பேசத் தொடங்கின. அந்த ஒரு விஷயத்துக்காக ஊர் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறது, அது நியாயமும்கூட. சிக்கல் என்னவென்றால், அந்த நன்றியை வைத்துக்கொண்டு அவர் மற்றப் பட்டன்களையும் தட்ட ஆரம்பித்தார்.

அண்ணனின் வைத்திய முறை இது. உள்ளே நுழைந்ததும் மோடத்தை நேராகப் பார்க்க மாட்டார். முதலில் நாற்காலி. பிறகு தண்ணீர். “எப்ப இருந்து?” என்பார். “காலையில இருந்துண்ணே.” “யாராச்சும் தொட்டீங்களா?” “இல்லையே.” இந்தப் பதிலை அவர் தன் ஆயுளில் நம்பியதில்லை. பிறகு எழுந்து மோடத்தைச் சுற்றிப் பார்ப்பார், சுவரோடு போகும் ஒயரைக் கண்ணாலேயே வாசல் வரை துரத்துவார், பெருமூச்சு விடுவார். கடைசியில் தீர்ப்பு: “செட்டிங்ஸ்ல இருக்கு.” எந்த வியாதிக்கும் இதுவே தீர்ப்பு. குரங்கு கேபிளில் தொங்கி அறுத்திருந்தாலும், மாதக் கட்டணம் கட்டாமல் விட்டிருந்தாலும் செட்டிங்ஸில்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு சுவிட்சை அணைப்பார். கண்ணை மூடி நிற்பார். முப்பது எண்ணுகிறாராம். அதையே வீட்டுப் பையன் செய்தால் ஏன் சரியாவதில்லை என்று கேட்டதற்கு, “நீ இருபதுலயே போட்டிருப்ப” என்றார். அதிலும் உண்மை உண்டு. உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் முழுதும் வடிந்தால்தான் கருவி பழையதை மறந்து புதிதாய் எழும். அண்ணன் சொல்வதில் இப்படி அங்கங்கே உண்மை கிடைப்பதுதான் அவரை முழுதாக ஒதுக்க முடியாமல் செய்கிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். ஃபைபர் மோடத்தில் லாஸ் என்று ஒரு விளக்கு உண்டு. வெளியிலிருந்து வெளிச்சம் வந்து சேரவில்லை என்றால் அது சிவப்பாக எரியும். அண்ணன் வாசலில் நின்றே பார்த்துவிட்டார். “லாஸ் எரியுது. ஃபைபர் கட். கம்பத்துல இருந்து ஆள் வரணும்.” கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டார், மைனஸ் இருபத்தேழு டி.பி. என்றார், மலைப்பாதை வளைவில் குரங்கு அட்டகாசம் என்றார். அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை வந்து விரலால் விளக்கைத் துடைத்தது. குங்குமம். மோடத்துக்கும் ஆயுத பூஜை போட்டிருந்தார்கள். பொட்டு சரியாக அந்த விளக்கின் மேல் விழுந்திருந்தது. அசல் கோளாறு, ஒட்டடை அடிக்கும்போது பிடுங்கிய பிளக்கைச் சரியாகச் சொருகாதது. அண்ணன் அசரவில்லை. “இதத்தான் நான் அப்பவே கேட்டேன், யாராச்சும் தொட்டீங்களான்னு.”

எதிரொலி விவகாரம் கொஞ்சம் பெரிது. மகன் துபாயில். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச விடமாட்டார்கள். அரசு உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். அம்மாவின் போனில் போட்டிம் ஏற்றிக் கொடுத்ததும் அண்ணன்தான். ஒருநாள் அந்த அம்மா வந்து, “நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது தம்பி, போனு கெட்டுப்போச்சு” என்றார். அண்ணன் போனை வாங்கிக் காதில் வைத்தார். இந்த விஷயத்தில் அவர் நிபுணர். நம் குரல் நமக்கே எதிரொலித்தால் கோளாறு நம் போனில் இருக்காது. எதிர்முனையில் ஸ்பீக்கரில் வருகிற சத்தம் அங்கேயே மைக்கில் ஏறித் திரும்பி வருகிறது.

“அக்கா, உங்க போனு நல்லாத்தான் இருக்கு. உங்க மகன் ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுறான்.”

“ஸ்பீக்கர்னா?”

“ரூம்ல இருக்க எல்லாருக்கும் கேக்கும்.”

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப அந்த ரூம்காரப் பய கடன் வாங்கித் திருப்பித் தரல, அவன நம்பாதன்னு நான் ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டிருந்தது?”

“அவனுக்கும் கேட்டிருக்கும்.”

அடுத்த வாரம் கடன் திரும்பி வந்தது. எதிரொலியைச் சரிசெய்ய வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

கோளாறு ஆதாயமான கதை இன்னொன்றும் உண்டு. ஓர் ஏலக்காய் வியாபாரி. கம்பத்தில் ஆபீஸ். சரக்கு கொடுக்கிறவர் குமுளிக்காரர். செல்போனில் கேரள டவரும் தமிழ்நாட்டு டவரும் இழுத்துக்கொள்ளும் தொல்லை வேண்டாமென்று, இரண்டு இடத்திலும் இன்டர்நெட்டில் ஓடும் மேசை போனை அண்ணன் பொருத்திக் கொடுத்திருந்தார். “எஸ்ஐபி ரிஜிஸ்டர் ஆயிருச்சு முதலாளி” என்று அவர் சொன்னபோதே வியாபாரி, “மாசாமாசம் அஞ்சாயிரம் பிடிக்கிறானே, அதா?” என்று மியூச்சுவல் ஃபண்டை நினைத்துக் கேட்டிருக்கிறார். அதை விளக்கவே ஒரு டீ செலவானது.

போன் மணி அடித்தது. எடுத்தார்கள். குமுளிக்காரர் பேசுவது கம்பத்தில் தெளிவாகக் கேட்டது. கம்பத்துக்காரர் பேசுவது குமுளிக்குப் போகவே இல்லை. இன்டர்நெட் போன் பொருத்துகிறவர்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது தலையில் அடித்துக்கொண்ட கோளாறு இது. மணி அடிக்கச் சொல்லும் எஸ்ஐபி சேதி ஒரு வழியில் போகிறது, பேச்சு வேறு வழியில் போகிறது. பேச்சை எங்கே அனுப்புவது என்று, கேட்கிற முனையில் இருக்கும் போன் தன் விலாசத்தைச் சொல்லும். அது சொல்வது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் விலாசம்: 192.168 என்று தொடங்கும். உலகத்தில் எத்தனையோ வீடுகளுக்கும் அதேதான். தபால்காரரிடம் ‘கிழக்குப் பார்த்த வீடு’ என்று விலாசம் கொடுத்ததற்குச் சமம். பேச்சு கிளம்பும், வந்து சேராது.

குமுளிக்காரருக்கு இது தெரியாது. அவர் கிலோவுக்கு ஒரு விலை சொன்னார். மறுமுனை மௌனம். “என்ன அண்ணாச்சி, பேசமாட்டேங்கிறீங்க, கூடவா?” மௌனம். நூறு ரூபாய் குறைத்தார். இங்கே வியாபாரி “கேக்குதா, கேக்குதா” என்று கத்திக்கொண்டிருக்கிறார், அங்கே நிசப்தம். “அண்ணாச்சி ரொம்பக் கெட்டி” என்று இன்னொரு ஐம்பதைக் குறைத்தார். நாலு முறை குறைத்தபின் வியாபாரி கத்துவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அண்ணன் இரண்டு இடத்து ரூட்டருக்குள்ளும் புகுந்து, எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ஒன்றைத் தேடிப் பிடித்து அணைத்தார். இந்த விலாசக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே ரூட்டர் செய்கிறவர்கள் அதை உள்ளே வைத்தார்கள். பெரும்பாலான ரூட்டர்களில் அது தீர்க்கிற குழப்பத்தைவிட உண்டாக்குகிற குழப்பமே அதிகம். அணைத்ததும் இரண்டு பக்கமும் பேச்சு கேட்டது. அண்ணன் பெருமையோடு நிமிர்ந்தார். வியாபாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு டீ வரவில்லை.

கரண்ட் விஷயத்தில் மட்டும் அண்ணனுக்குக் கொஞ்சம் ரோஷம் உண்டு. செம்புக் கம்பியில் வந்த பழைய டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே 48 வோல்ட் வந்துவிடும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் இல்லையென்றால் இன்டர்நெட்டும் இல்லை, அதில் சொருகிய டெலிபோனும் இல்லை. ஆடிக்காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போன இரவில் ஓர் அப்பத்தா கேட்டுவிட்டார்: “கரண்டு போனா போனும் போயிருமாப்பா? பவர்ஹவுஸ் காலடியில குடியிருந்துக்கிட்டு இதென்னய்யா கூத்து?”

அவர் கேட்டது மோடத்தைப் பற்றி. அண்ணன் அதை இலாகாவைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டார். தண்ணீர் வரத்து, டர்பைன், கிரிட் என்று பெரிய விளக்கம் கொடுத்தார். அப்பத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, இப்ப எம் பேத்திகிட்ட எப்படிப் பேசுறது?” என்றார். மறுநாளே அண்ணன் மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் கொடுக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்றைத் தன் காசில் வாங்கிவந்து மாட்டினார். வழியில் இருக்கிற ஃபைபர் பிரிப்பான்களுக்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் அந்தச் சின்னப் பெட்டி போதும். இப்போது கரண்ட் போனால் தெருவே அப்பத்தா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து வைஃபை பிடிக்கிறது. பாஸ்வேர்டு யார் சொன்னார்கள் என்று அப்பத்தா விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

கஸ்டமர் கேர் என்றால் அவருக்கு ஆகாது. பாட்டுக் கேட்டுக் காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். கடைசியில் ஓர் இளம்பெண் குரல் வந்து, “சார், மோடத்தை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?” என்று கேட்கும்போதுதான் அவருக்குத் தாங்காது. “ஏம்மா, எனக்கேவா?” என்பார். அவருடைய மூலமந்திரத்தையே இன்னொருவர் இலவசமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் கோபம் வராதா?

இவ்வளவும் சொல்லிவிட்டு அவருடைய பெரிய குறையைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. நன்றாக ஓடுகிற பொருளை அவரால் சும்மா விட முடியாது. “இப்ப சூப்பரா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டால் போதும், “இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுறேன்” என்று மறுபடி உட்கார்ந்துவிடுவார். சேனலை மாற்றுவார், டிஎன்எஸ்ஸை மாற்றுவார், வைஃபைக்குப் புதுப் பெயர் வைப்பார். ஒரு வீட்டில் வீட்டுக்காரருடைய மச்சான் பெயரை வைத்து, அது ஒரு குடும்பத் தகராறு ஆனது. சாயங்காலம் துபாயில் வேலை முடிந்து எல்லோரும் பேச வருகிற நேரமாகப் பார்த்து மோடத்துக்கு அப்டேட் போடுவார். பாஸ்வேர்டை மாற்றி, பாதுகாப்புக்காக யாரிடமும் சொல்லமாட்டார்; கொஞ்ச நாளில் தானும் மறந்துவிடுவார். அப்புறம் ஊக்கை எடுப்பார். ஊக்கு உள்ளே போனால் மோடம் பிறந்த மேனிக்குத் திரும்பிவிடும். டெலிபோன் நம்பர், சர்வர் பெயர், கேபிள்காரர் போட்டுக் கொடுத்த கணக்கு எல்லாம் அழிந்துவிடும். அவற்றைத் திரும்பப் போட கம்பத்திலிருந்து ஆள் வர வேண்டும். ஆள் வரும்வரை அண்ணன் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து, வரப்போகிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்பதை விளக்குவார்.

சுருங்கச் சொன்னால், அண்ணன் இன்றைக்குச் சரிசெய்கிற கோளாறில் பாதி அவர் போன மாதம் விட்டுப்போனது. இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். அண்ணிக்கு நன்றாகவே தெரியும். அவர் வீட்டு மோடம் டிவி ஸ்டாண்டுக்குள் பூட்டியிருக்கிறது, சாவி அண்ணியிடம். லோயர் கேம்ப்பில் ஒருநாளும் நிற்காமல் ஓடுகிற ஒரே வைஃபை அதுதான்.

என்றாலும் ராத்திரி பத்து மணிக்குச் சாரலில் குடை பிடித்துக்கொண்டு, ஒரு பைசா வாங்காமல், “ஹலோ கேக்குதா” என்பதற்காக வருகிற வேறு ஆள் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இல்லை. கேபிள் ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அண்ணனுக்கு லீவு கிடையாது. பன்னீர் திராட்சை ஒரு கிலோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மற்றபடி டீ, சர்க்கரை இல்லாமல். சுகர் இருக்கிறது.

ஆகவே, இந்தப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேபிள்காரர் மோடத்தை மாட்டிவிட்டுப் போன அன்றைக்கே செட்டிங்ஸ் பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிபோன் கணக்கு, பாஸ்வேர்டு இரண்டையும் காலண்டருக்குப் பின்னால் எழுதி வையுங்கள். வைஃபை காலிங்கைத் தட்டிவிட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் வந்து எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைக்க வேண்டும் என்றால் தாராளமாக விடுங்கள். அதில் அவர் சொல்வது சரி. ஊக்கை எடுத்தால் மட்டும் உடனே டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுங்கள்.